14. நட்சத்திரம் விழுந்த பாட்டு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வவாவு தீவிலிருந்து போன் வந்தபோது, அனசெய்னி அடுப்பில் வள்ளிக்கிழங்கை வைத்துவிட்டுத் தன் பாட்டைத் தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனநிலை. அது சரியாக ஒன்றரை நிமிடம் நீடித்தது.

"அக்கா, தாள் வந்துருச்சு. ஆனா பாட முடியாது" என்றான் மொசெசே. வவாவு பாடகர் குழுவின் குமாஸ்தா அவன்.

"ஏன்டா, கண்ணாடியைத் தொலைச்சிட்டியா?"

"கண்ணாடி மூக்குலதான் இருக்கு. வார்த்தையெல்லாம் சரியா இருக்கு. நம்பர் இருக்க வேண்டிய எடத்துல நட்சத்திரம்."

"என்ன நட்சத்திரம்?"

"மெஷின்ல அடிக்கிற நட்சத்திரம்க்கா. முதல் வரி நல்லாருக்கு. ரெண்டாவது வரி பூரா நட்சத்திரம். அப்புறம் மூணு வரி பாடலாம். மறுபடி நட்சத்திரம். எங்களை வானத்தைப் பார்த்துப் பாடச் சொல்றீங்களா?"

எங்கள் ஊரில் பாட்டுக்கு எண்தான் எழுத்து. மூன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும் ஏழு எண்கள். தாளில் அவற்றைப் பார்த்தால் பள்ளிக்கூடம் போகாதவனும் பாடிவிடுவான். அந்த எண்கள் இல்லாத தாளைக் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட பாடகனும் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டியதுதான்.

புதன்கிழமை கமிட்டியில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையின் நூறாவது ஆண்டு விழா. ஐந்து தீவுகளின் குழுக்களும் ஒன்றாக நின்று பாடப்போகும் பாட்டு அனசெய்னி எழுதியது, அவள் எழுதிய முதல் பாட்டு. இருபது வருடமாக அந்த இடத்தில் ஒலித்தது பெனியின் பாட்டு. பெனி போன வருடம் காலமாகிவிட்டார். அவர் மனைவி சேலோட்டே, அனசெய்னியின் நாத்தனார், விழாக் கமிட்டியின் தலைவி, சபையின் பொருளாளர், இன்னும் யாரும் ஏற்காத எல்லாப் பதவிகளுக்கும் சொந்தக்காரி.

அவர் புதன்கிழமை எழுந்து நின்று சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வவாவுலேர்ந்து படகு கிளம்புது. அதுக்குள்ள அவங்க கையில தாள் இருந்தா அனசெய்னி பாட்டு. இல்லன்னா பெனி பாட்டு."

வவாவு குழுவில் நாற்பத்திரண்டு பேர். நம் கீழ்க்குரல் ஆண்களில் பாதிப்பேர் அந்த நாற்பத்திரண்டுக்குள். படகுத் தளத்தில் ஒரு நாள் முழுக்கப் பாடிப் பழகினால்தான் உண்டு. கடலுக்குள் போய்விட்டால் மெயிலும் இல்லை, போனும் இல்லை.

"அப்படின்னா நான் போன்ல படம் எடுத்து அனுப்பவா?" என்று அனசெய்னி போனில் மொசெசேயிடம் கேட்டாள். கேட்டவுடனே அவளுக்கே தெரிந்தது, முடியாது என்று.

போன வருடம் யாரோ பாட்டு எழுதிய கரும்பலகையைப் படம் எடுத்து அனுப்பி, ஆராதனை நடுவே இரண்டு குழு இரண்டு விதமாகப் பாடி, வந்த விருந்தாளிகள் முன்னால் மானம் போனது. அன்று சேலோட்டே போட்ட சட்டம்: கமிட்டி மெயிலில் வந்ததுதான் பாட்டு, மற்றதெல்லாம் வதந்தி. சேலோட்டே போட்ட சட்டத்தை மீற இந்தத் தீவில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. அதிலும் தம்பி வீட்டில் கேட்கவே வேண்டாம். எங்களில் அப்பாவின் அக்காதான் குடும்பத்துக்கு மேல். அவர் கேட்டு வாங்குவதில்லை, எடுத்துக்கொள்வார். போன கிறிஸ்துமஸுக்கு அனசெய்னி வளர்த்த பன்றியை ஓட்டிக்கொண்டு போனார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தம்பி, அனசெய்னியின் கணவர் தோமசி, அப்போதும் இப்போதும் குவீன்ஸ்லாந்தில் பழம் பறித்துக்கொண்டிருக்கிறார், கொடுத்துவைத்த மனிதர்.

போனை வைத்த அனசெய்னி, தலை வாரிக்கொண்டிருந்த மகள் முன்னால் போய் நின்றாள்.

"உங்க அத்தை வேலையைக் காட்டிட்டாங்க."

லெசீலிக்கு இருபத்தாறு வயது. சபைத் தலைமை அலுவலகத்தில் கணினி வேலை முழுக்க அவள் தலையில்தான். விஷயத்தைக் கேட்டதும் சீப்பை மெல்லக் கீழே வைத்தாள்.

"அம்மா, இது அத்தை பண்ணினதில்ல. நான் பண்ணினதா இருக்கும்."

"நீயா?"

"போன சனிக்கிழமை மெயில் சர்வரை மாத்தினேன்ல. பழசு செத்துக்கிட்டிருந்துச்சு. புதுசு வந்தப்புறம் வெளிய போற முதல் பாட்டே உன்னுதுதான்."

"முதல் பாட்டு இல்லடி. பெனி பாட்டையும் நேத்து அவங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு. அது சுத்தமாப் போயிருக்கு. என்னோடது மட்டும் நட்சத்திரமாம். எது நாத்தனார் பாட்டு, எது தம்பி பொண்டாட்டி பாட்டுன்னு மெஷினுக்குத் தெரியுமா?"

லெசீலி எழுந்தாள். வெளியே போகும்போது மரியாதைக்கு உடைமேல் சுற்றும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் முதல் பாட்டைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் போகவில்லை. அழுவதற்கு நேரம் இல்லை, எட்டு மணி நேரம்கூட முழுசாக இல்லை.

"நாலு மணிக்குள்ள சரி பண்றேன்மா. கிழங்கு தீயுது, பாரு."

அலுவலகத்தில் அவள் முதலில் செய்தது, அந்தத் தாளைத் தன் கணினியில் திறந்தது. எண்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பக்கத்து அறைக் கணினிக்கு அனுப்பித் திறந்தாள். அங்கேயும் அப்படியே. அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் தன் சொந்த முகவரிக்கு அனுப்பினாள்.

நட்சத்திரம்.

ஆக, தாளில் கோளாறு இல்லை. வாசலைத் தாண்டும்போதுதான் கெடுகிறது. இது ஒரு மணி நேரத்தில் கிடைத்த முதல் நல்ல செய்தி.

வேறு வகைக் கோப்பாக மாற்றி அனுப்பினாள். நட்சத்திரம். தாளைப் படமாக எடுத்து இணைத்தாள். படம் போய்ச் சேர்ந்தது, ஆனால் எண்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டிகள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்பினாள். அது வாசலிலேயே நின்றுவிட்டது, போகவே இல்லை.

பதினொரு மணிக்கு மொசெசே மறுபடி கூப்பிட்டான். "தங்கச்சி, இங்க பாட்டி தாத்தா எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு துறைக்கு வந்துட்டாங்க. என்ன சொல்லட்டும்?"

"நாலு மணிக்கு முன்னாடி வரும்னு சொல்லுங்க."

"நிச்சயமா?"

"பிரிண்டர்ல தாள் போட்டு வைங்க அண்ணா."

போனை வைத்துவிட்டு, பாட்டை ஒரு வரி, ஒரு வரியாக வெட்டி இருபத்துநாலு மெயில் அனுப்பினாள். அலுப்புத் தட்டும் வேலைதான். ஆனால் அதில்தான் விஷயம் சிக்கியது. பதினேழு வரி நல்லபடியாகப் போனது. ஏழு வரி மட்டும் நட்சத்திரம். எத்தனை முறை அனுப்பினாலும் அதே ஏழு.

ஏழையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தாள். 5357 8875 என்று தொடங்கியது ஒன்று. ஒவ்வொரு வரியிலும் நாலு கட்டம், கட்டத்துக்கு நாலு எண். பதினாறு எண்கள்.

சர்வரின் வாசலில் உட்கார்ந்திருக்கும் வடிகட்டியின் பதிவேட்டைத் திறந்தாள். அங்கே ஏழு வரி, ஏழிலும் ஒரே குறிப்பு: வங்கி அட்டை எண் கண்டுபிடிக்கப்பட்டது, மறைக்கப்பட்டது.

லெசீலி நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். அழுகையும் அதோடு கலந்து வந்தது. அட்டை எண் மூன்று, நாலு, ஐந்து, ஆறில் தொடங்கும். எங்கள் பாட்டும் அங்கேதான் தொடங்கும். பதினாறு எண் சேர்ந்தாற்போல் இருந்தால் புதுச் சர்வர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறது. கணக்குச் சரியாக வந்த வரியெல்லாம் அதன் கண்ணுக்கு வங்கி அட்டை. அம்மாவின் பாட்டில் ஏழு வரிக்குக் கணக்குச் சரியாக வந்து தொலைத்திருந்தது. பெனி மாமாவின் பாட்டு கட்டத்துக்கு மூன்று தாளத் தட்டு உள்ள பாட்டு, வரிக்குப் பன்னிரண்டு எண்தான். அதனால் அது தப்பித்தது.

வடிகட்டியை நிறுத்தப் போனாள். திரையில் ஒரு பெட்டி எழுந்தது. பொருளாளரின் அனுமதி வேண்டும். அவர் போனுக்குப் போகும் ஆறு இலக்கத்தை இங்கே இட வேண்டும்.

பொருளாளர் அத்தை.

மணி ஒன்று.

தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தாழை ஓலையில் விழாப் பாய் பின்னிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சேலோட்டே. அறுபத்துநாலு வயதிலும் முதுகு வளையாது. அம்மாவும் மகளும் குனிந்தபடி வந்து, தாழ்வாக, கால் மடக்கி உட்கார்ந்தார்கள். அனசெய்னி கொண்டுவந்த கிழங்குக் கூடையை முன்னால் நகர்த்தினாள். ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்திருந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க. கூடை வேற. அப்போ பெருசா எதுவோ கேக்க வந்திருக்கீங்க" என்றார் சேலோட்டே, ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லெசீலி விஷயத்தைச் சொன்னாள். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"அப்போ அனசெய்னி பாட்டைக் கார்டு மாதிரி கடையில நீட்டினா என்ன குடுப்பான்?" என்றாள் ஒருத்தி.

"ஒரு கோழி கூடக் குடுக்க மாட்டான். முதல்ல பாடிக் காட்டுன்னு சொல்லுவான்" என்றாள் இன்னொருத்தி.

சேலோட்டே சிரிக்கவில்லை. "அந்தப் பூட்டைப் போடச் சொன்னது நான்தானே, லெசீலி?"

"ஆமா அத்தை."

"ஏன் போடச் சொன்னேன்?"

"செமிசி தாத்தாவோட கார்டு நம்பர் நம்ம மெயில்லேர்ந்து வெளிய போயிட்டதால."

"அந்த மனுஷன் ரெண்டு மாசம் என் வாசல்ல வந்து நின்னு அழுதார். அன்னிக்கு அவருக்கு வாக்குக் குடுத்தேன், இனிமே இது நடக்காதுன்னு. இன்னிக்கு ஒரு பாட்டுக்காகத் திறப்பேன். நாளைக்கு ஒரு கல்யாணத்துக்காகத் திறப்பேன். அப்புறம் பூட்டு எதுக்கு? திறக்க மாட்டேன்."

அதில் நியாயம் இருந்தது. எரிச்சலே அதுதான்.

அனசெய்னியின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. "உங்களுக்கு என் பாட்டு வேணாம் அண்ணி. அதை நேரா சொல்லிடுங்க. பூட்டு, சாவி, செமிசி தாத்தான்னு எதுக்குச் சுத்தி வளைக்கணும்?"

பின்னிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. கணவனின் அக்காவிடம், அதுவும் ஊர்ப் பெண்கள் முன்னால், இப்படி யாரும் பேசுவதில்லை. லெசீலி அம்மாவின் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். நாத்தனாரின் முகத்தில் என்ன ஓடியது என்று யாராலும் படிக்க முடியவில்லை.

"காட்டு அந்தத் தாளை" என்றார் சேலோட்டே.

வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆனது. உதடு அசைந்தது, உள்ளுக்குள் பாடிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"கோடு எங்க?"

"என்ன கோடு?"

"கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல நெட்டுக் கோடு. முப்பத்தொரு வருஷம் பெனிக்கு நான்தான் தாள் அடிச்சுக் குடுத்தேன். ஒரு கோடு விட்டா தாளைக் கிழிச்சு என் மடியிலயே போடுவார். நீ நாலு நம்பர், எடம், நாலு நம்பர், எடம்னு வச்சிருக்கே. இது பாட்டா, பேங்க் பாஸ்புக்கா?"

"கோடு போட்டா ஒரே பக்கத்துல அடங்கல அண்ணி. நாப்பத்திரண்டு பேருக்கு ரெண்டு பக்கம் ஆகுதேன்னு எடுத்துட்டேன். கோடு இல்லாமலும் நம்ம ஆளுங்களுக்குப் பாடத் தெரியும்..."

"உன் ஆளுங்களுக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியலையே."

லெசீலி நிமிர்ந்தாள். "அத்தை, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? பாஸ்புக்கையா?"

"கோட்டை! இடைவெளியைத் தாண்டி மெஷின் படிக்கும். ஏன்னா கார்டு நம்பரை எல்லாரும் இடம் விட்டுத்தான் எழுதுவாங்க. நெட்டுக் கோடு போட்டு யாரும் எழுத மாட்டாங்க. கோடு வந்தா அங்கேயே நின்னுடும். நாலு நம்பரோட நின்னுடும்!"

அங்கேயே போனில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்து, அலுவலக மெயில் வழியாகத் தன் சொந்த முகவரிக்கு அனுப்பினாள். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கூடத்தில் இருந்த எல்லாப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

எண்கள் வந்தன. ஒரு நட்சத்திரம் இல்லை.

அனசெய்னி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சேலோட்டே எழுந்து, பாவாடையில் ஒட்டிய ஓலைத் துணுக்கைத் தட்டிவிட்டார்.

"மணி ரெண்டாகப் போகுது. உங்க அம்மா ஒரு விரல்ல அடிப்பா. நானும் வரேன்."

கோடு போடுவது என்னவோ கணினிக்கு ஒரு நொடி வேலை. இடைவெளி இருந்த இடத்திலெல்லாம் கோடு என்று லெசீலி சொன்னாள், அது போட்டுவிட்டது. கையோடு பாட்டையும் கலைத்துவிட்டது. வரி நீண்டு மடிந்தது. எண்ணுக்குக் கீழே நிற்க வேண்டிய வார்த்தைகள் நாலு எண் தள்ளிப் போய் நின்றன. இப்படியே அனுப்பினால் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அல்லேலூயா வரும்.

"ஒரு குரலுக்கு ஒரு பக்கம். புதுசா அடிப்போம்" என்றாள் லெசீலி. "நடுவுல இருக்கிற ரெண்டு குரல் எனக்கு. மேல்குரல் அம்மாவுக்கு."

"கீழ்க்குரல் எனக்கு" என்றார் சேலோட்டே. "பெனி இருபத்தெட்டு வருஷம் கீழ்க்குரல்தான் பாடினார். அது என் விரலுக்குத் தெரியும்."

மூன்று கணினிகளில் மூன்று பெண்கள். சேலோட்டே பள்ளிக்கூடத்தில் தட்டச்சு செய்தே ஓய்வு பெற்றவர். விசைகளை அவர் அடித்த அடியில் மேசை ஆடியது. அனசெய்னி ஒரு விரலால் குத்திக் குத்தி அடித்தாள், ஒவ்வொரு எண்ணையும் வாயால் பாடியபடி. நாலு பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பாட்டுகூட எழுதியிராத அனசெய்னி, ஞாயிற்றுக்கிழமை ஐந்து தீவும் தன் எண்களைப் பாடுவதை நினைத்துக்கொண்டாள். அடுத்த எண்ணை இன்னும் பலமாகக் குத்தினாள்.

மூன்றே காலுக்கு நாலு பக்கங்களும் முடிந்தன. லெசீலி ஒன்று சேர்க்கும்போது அத்தையின் பக்கத்தில் கண்ணை ஓட்டப் போனாள்.

"என் தாளைச் சரிபார்க்கப் போறியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதற்கு ஒரே பதில்தான் எங்கள் குடும்பங்களில் உண்டு. "இல்ல அத்தை" என்றாள் லெசீலி. கமிட்டித் தலைவி என்ற முறையில் சேலோட்டே தானே விசையைத் தட்டி அனுப்பினார்.

மூன்று முப்பத்தைந்துக்கு மொசெசே கூப்பிட்டான். "வந்துருச்சு! நம்பர் வந்துருச்சு! ஆனா முதல் பக்கம், நாலாவது வரி, நட்சத்திரம்."

அனசெய்னி தன் பக்கத்தைப் பார்த்தாள். நாலாவது வரியில் அவசரத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. சேலோட்டே கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். லெசீலி மூன்று கோடுகளைப் போட்டாள், வார்த்தைகளை இழுத்து நேராக நிறுத்தினாள், அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அனுப்பினார்கள்.

மூன்று நாற்பத்தாறு. "சுத்தமா இருக்கு! பிரிண்டர் ஓடுது!"

"அம்மா, உன் பாட்டு போயிருச்சு" என்றாள் லெசீலி. அனசெய்னி மகளை இழுத்துத் தன் கழுத்தோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு, யோசிக்காமல், நாத்தனாரின் கையையும் பிடித்தாள். சேலோட்டே கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

போன் மேசை நடுவில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. துறையின் இரைச்சல், யாரோ பெட்டியைத் தூக்கச் சொல்லிக் கத்துவது, மொசெசே மூச்சு வாங்க ஓடுவது. தாள் கைக்குக் கை மாறும் சலசலப்பு. பிறகு அவன் குரல்: "அக்கா, ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாடிப் பாக்கறோம். கேளுங்க. கீழ்க்குரல், நீங்க மட்டும் முதல்ல."

ஆண்கள் எண்களின் பெயரையே சொல்லிப் பாடத் தொடங்கினார்கள். முதல் வரி, இரண்டாவது வரி. அனசெய்னி கண்ணை மூடி, மேசையில் விரலால் தாளம் போட்டாள். சிரித்துக்கொண்டே போட்டாள்.

ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

அந்த நாலு கட்டம் அவள் எழுதியதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாக விழாவுக்கு விழா கேட்டது. மூன்று தட்டில் இருந்ததை நாலு தட்டுக்கு இழுத்து, கோடுகளுக்கு நடுவே கச்சிதமாக உட்கார வைத்திருந்தது.

"அம்மா" என்றாள் லெசீலி மெல்ல, "இது பெனி மாமாவோட..."

ஆறாவது வரியில் பாட்டு அனசெய்னியிடமே திரும்பி வந்துவிட்டது. துறையில் கைதட்டல். படகின் ஊதல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஏறுறோம்க்கா! ஞாயித்துக்கிழமை பாக்கலாம்!" என்று கத்தினான் மொசெசே. இணைப்பு அறுந்தது.

அனசெய்னி நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"கேட்டிருந்தா ஒரு வரி குடுத்திருப்பேனே அண்ணி" என்றாள் அனசெய்னி. கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சேலோட்டே இடுப்புப் பாயை இறுக்கிக்கொண்டார். கண் சிவந்திருந்தது. குரலில் மட்டும் அது தெரியவில்லை. "கேட்டா அது நீ குடுத்ததா ஆயிடும். நூறாவது விழாவுல அவர் என் பங்கா நிக்கணும். உன் தயவுல இல்ல."

"அது என் பாட்டு."

"கமிட்டி மெயில்ல வந்ததுதான் பாட்டு. மத்ததெல்லாம் வதந்தி." கதவு வரை போனவர் திரும்பினார். "கிழங்கு கொஞ்சம் தீஞ்சிருந்துச்சு. ஆனா ருசி நல்லாருந்துச்சு."

கதவு சாத்திக்கொண்டது. லெசீலி அம்மாவைப் பார்க்கப் பயந்தாள். தான் அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் என்ற எண்ணம் அவளைத் தின்றது.

அனசெய்னி அழவில்லை. போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள், ஒரு பென்சிலை எடுத்து நுனியைப் பார்த்தாள்.

"லெசீலி, நம்ம ஊர்க் குழு நாளைக்கு எத்தனை மணிக்குப் பழகுது?"

"காலைல எட்டு மணிக்கு."

"மேல்குரல்ல பாதிக்கு மேல நம்மகிட்டதானே?"

"நாப்பது பேர். எல்லாரும் நம்மகிட்டதான். ஏன்மா?"

"மேல்குரல் அஞ்சாவது வரிக்குக் கோடு போட்டுக் குடு" என்றாள் அனசெய்னி. "நாலு கட்டம்."

லெசீலி அளவுகோலை வைத்து நெட்டுக் கோடுகளைப் போட்டுக் கொடுத்தாள். தலையைக் குனிந்து அம்மா எழுதத் தொடங்கிய முதல் எண் ஒன்பது. அது பெனி மாமாவின் எண்ணோடு கைகோத்து நிற்கப் போகிறதா, மேலே நின்று அதை அமுக்கப் போகிறதா என்று லெசீலிக்குத் தெரியவில்லை. கேட்கலாமா என்று வாயெடுத்தாள்.

"பேசாத" என்றாள் அனசெய்னி. "எண்ணிக்கிட்டிருக்கேன்."